ஈயின் இறக்கை

அட்டையில் ஒரே ஒரு ஈ.
உள்ளங்கையைவிடப் பெரியது, முதுகெல்லாம் மயிர்.
கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டால்
தாளை விட்டு நாலு விரற்கடை எழுந்து நிற்கும்.
அதன் இறக்கையைக் கிள்ளச் சொல்வேன்.
அவ்வளவுதான் என் பரிசோதனை.

ஃபாரோ தீவுகளின் தெற்கு முனையில்
பதினோரு வருடமாகப் பிள்ளைகள் காற்றைக் கிள்ளுவதைப் பார்த்துச்
சம்பளம் வாங்குகிறேன்.
சிலர் சிரிப்பார்கள்.
சிலர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள்.
ஒரு பையன் ஈயை ஓங்கி அறைந்ததில்
என் தேநீர் கொட்டியது.
அவனுக்கு முழு மதிப்பெண்.

ரக்குல் வந்தது பிப்ரவரியில், படகு தாமதமான நாளில்.
நாலு வயது. சிவப்புக் கம்பளிச் சட்டை, ஒரு பொத்தான் இல்லை.
பாலைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறாள்,
கடைசிப் படியைக் காலால் துழாவுகிறாள் என்று
மழலைப் பள்ளியிலிருந்து கடிதம்.
கூட வந்தவர் அப்பா, துரோந்துர்.
கோடையில் கயிற்றில் தொங்கி இறங்கிக்
கடற்பாறை இடுக்கில் முட்டை எடுப்பவர்.

கிள்ளு, என்றேன்.
அவள் விரல் நேராகத் தாளில் போய் உட்கார்ந்தது.
நகம் கீறும் சத்தம்.
"வழுக்குது" என்றாள்.

அப்பா எட்டிப் பார்த்தார்.
"சரியாத்தானே தொடுறா?
தாள்ல இருக்கிற ஈ
வேற எங்க இருக்கும்?"

என் பேனா நின்றது.

குழந்தைக் கண்ணாடி அவர் காதுவரை எட்டவில்லை.
ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார்.
கயிறு தின்ற விரல்கள்,
மகள் கீறிய அதே கோட்டின்மேல்
மெதுவாக இறங்கின.

வெளியே கடற்காகம் ஒன்று எதற்கோ கத்திக்கொண்டிருந்தது.

"மத்தவங்களுக்கு இது எந்திரிச்சு நிக்குமா?"
நிற்கும்.
"எவ்வளவு?"
கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன்.
அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது தூரமா, வெறும் வடிவமா
என்று எனக்குத் தெரியவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
முப்பது கோடை
காலை விட்டுவிட்டு
ஆழத்தை விசாரித்திருக்கிறார் இந்த மனிதர்.

எப்படி, என்று கேட்டேன்.
மருத்துவத்துக்குத் தேவையில்லாத கேள்வி.

"கூழாங்கல்லைப் போட்டு எண்ணுவேன்.
பறவை கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தா
இன்னும் இருபது பாகம்.
அலைச் சத்தம் காதுல கெட்டியாகும்.
அப்புறம்..."
வார்த்தை கிடைக்காமல்
தலையை இடமும் வலமும் அசைத்துக் காட்டினார்,
முட்டையை நெருங்கும் பறவையைப் போல.

திரும்பிப் பார்த்தேன்.
மேசைமேல் இருந்த என் பேனாவைக் குறிவைத்து
ரக்குல்
தலையை இடமும் வலமும் அசைத்துக்கொண்டிருந்தாள்.
பிறகு சட்டென்று எடுத்தாள்.
தடவவில்லை, துழாவவில்லை.

ஒரு கண்ணுக்கு ஒட்டு, ஆறு வாரம்.
பிறகு வேறு கண்ணாடி. பிறகு பார்க்கலாம்.
இந்த வயதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம், என்றேன்.
எனக்கு, என்று அவர் கேட்கவில்லை.
கேட்டதெல்லாம் ஒன்றுதான்:
"எந்திரிச்சு நிக்கிறது தெரிஞ்சா
அவளுக்குப் பயம் வருமா?"

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
ஆழப் பார்வை, உண்டு அல்லது இல்லை.
'இல்லை' என்று எழுதினேன்.
தலையசைப்புக்குக் கட்டம் கிடையாது,
ஓரத்தில் கிறுக்கினேன், பிறகு அடித்தேன்,
பிறகு மறுபடி எழுதினேன்.

அவர்கள் போன பிறகு
கண்ணாடியை மாட்டி ஒரு கண்ணை மூடினேன்.
ஈ படுத்துக்கொண்டது.
தலையை அசைத்துப் பார்த்தேன்.
ஈ அசையவில்லை, அது படம்.

ஜன்னலுக்கு வெளியே விளக்குக் கம்பம்
மலையை விட்டு ஒரு எட்டு விலகி
திரும்பி வந்து நின்றது.